ஜனாதிபதித் தேர்தலில் ஒன்றாக விழும் வன்னி வாக்கு, பொதுத் தேர்தலில் ஏன் சிதறுகிறது?

நெடுங்கேணிப் பெண்:

அனைவருக்கும் வணக்கம். பல்கலைக்கழகப் பாடத்துக்காக வன்னித் தேர்தல் மாவட்டத்தின் வாக்களிப்புப் போக்கைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் வருவதால், இங்கே வன்னி என்று நான் எழுதுவது வவுனியா, மன்னார், முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்களையே குறிக்கும்.

முடிவுகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோது ஒரு விடயம் எனக்குப் புரியவில்லை. 2015 ஜனவரியில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் மைத்திரிபால சிறிசேனவுக்கு வன்னியில் 141,417 வாக்குகள் கிடைத்தன. அதே ஆண்டு ஆகஸ்ட் பொதுத் தேர்தலில், அவரை ஆதரித்த ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை 39,513 மட்டுமே. 2019 இல் சஜித் பிரேமதாச 174,739 வாக்குகளைப் பெற்றார். ஒன்பது மாதங்கள் கழித்து அவருடைய ஐக்கிய மக்கள் சக்திக்கு 37,883. 2024 செப்டெம்பரில் மீண்டும் அவரே 95,422 வாக்குகளுடன் வன்னியில் முதலிடத்தில் நின்றார். நவம்பரில் அவருடைய கட்சி 32,232 வாக்குகளோடு நின்றுவிட்டது. அந்த நவம்பரில் 39,894 வாக்குகளுடன் முதலிடத்துக்கு வந்தது, செப்டெம்பரில் 21,412 வாக்குகளை மட்டுமே பெற்றிருந்த திசைகாட்டி, அதாவது தேசிய மக்கள் சக்தி.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. செப்டெம்பரில் நான்கு வாக்குகளில் மூன்று சஜித்தின் தொலைபேசிச் சின்னத்துக்கும் ஒன்று தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனின் சங்குச் சின்னத்துக்கும் போயின. நவம்பரில் அப்பா தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்கும், நான் அப்போது ஒரு தமிழ்க் கூட்டணியின் சின்னமாகியிருந்த சங்குக்கும், தம்பி திசைகாட்டிக்கும் போட்டோம். அம்மா யாருக்குப் போட்டார் என்பதை இன்றுவரை சொல்லவில்லை. இதைத் தமிழ்த் தேசிய உணர்வின் தேய்வு என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படித்தான் கொள்ள வேண்டுமா? வன்னியில் நீண்ட காலம் வாழ்ந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பழைய வாக்கெண்ணும் அலுவலர்:

தங்கச்சி, நல்ல கேள்வி. இருபது வருடங்களுக்கு மேலாகத் தேர்தல் கடமையில் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், நீங்கள் எடுத்துக் காட்டிய மூன்று சோடி எண்களிலும் இரண்டாவது எண்ணைக் கவனியுங்கள். 39,513, 37,883, 32,232 என்று அது ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கிறது. அலைந்தது முதலாவது எண் மட்டும்தான். நிலையாக நிற்கும் அந்த முப்பதாயிரத்துச் சொச்சத்தின் பெரும் பகுதி முஸ்லிம் அரசியல் தலைவர் ரிஷாட் பதியுதீனைச் சுற்றிய வாக்கு என்பது என் கணிப்பு. அவர் 2015 இல் ஐக்கிய தேசியக் கட்சியின் யானைச் சின்னத்திலும் 2020, 2024 ஆகிய ஆண்டுகளில் தொலைபேசிச் சின்னத்திலும் தெரிவானார். அதற்கு மேல் ஜனாதிபதித் தேர்தலில் விழுந்த ஒரு இலட்சம் வாக்குகள் அந்தக் கட்சிகளுக்கு இரவல் கொடுக்கப்பட்டவை. இரவல் கொடுத்த பொருளைத் திருப்பி எடுத்ததைச் சிதறல் என்று சொல்ல முடியாது.

ஜனாதிபதித் தேர்தலில் வன்னித் தமிழர் யாரைக் கொண்டுவருவது என்று வாக்களிப்பதில்லை, யாரை வரவிடாமல் தடுப்பது என்றே வாக்களித்து வந்திருக்கிறார்கள். இறுதி யுத்தத்தை நடத்திய இராணுவத்தின் தளபதியாக இருந்த சரத் பொன்சேகாவுக்கு 2010 இல் வன்னியில் எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகள் விழுந்ததை வேறு எப்படி விளங்கிக்கொள்வது? யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மனிக் பாம் முகாமில் இருந்து அப்போதுதான் வெளியே வந்தவர்களும், இன்னும் உள்ளே இருந்தவர்களும் அந்த வாக்காளர்களில் அடக்கம். அவர்கள் பொன்சேகாவை விரும்பி வாக்களித்தார்கள் என்று சொல்பவர் வன்னியை அறியாதவர். 2024 இல் தடுக்கப்பட வேண்டியவர் என்று ஒருவர் களத்தில் இல்லை. ராஜபக்ச தரப்பின் வேட்பாளருக்கு வெல்லும் பலம் இருக்கவில்லை. அதனால்தான் அந்த வாக்கு சஜித்துக்கு 95,422, ரணில் விக்கிரமசிங்கவுக்கு 52,573, அரியநேத்திரனுக்கு 36,377 என்று முதன்முறையாக ஜனாதிபதித் தேர்தலிலேயே பிரிந்தது. உங்கள் கட்டுரைக்கு நவம்பரைக் காட்டிலும் அந்தச் செப்டெம்பரே முக்கியமான திருப்பம் என்பேன்.

இரண்டாவது, ஒற்றுமையே இங்கே வழமை என்ற எடுகோளை மறுபரிசீலனை செய்யுங்கள். 1947 இல் வவுனியா தெரிவுசெய்தது சி. சுந்தரலிங்கம் என்ற சுயேச்சை வேட்பாளரை. 1977 இல் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு என்ற மூன்று தொகுதிகளும் தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியனுக்குப் போனது உண்மை. ஆனால் 1994 இல், வாக்களிக்கக்கூடியதாக இருந்த பகுதிகளை மட்டும் வைத்து, முன்னாள் ஆயுத இயக்கமான புளொட் அமைப்பின் ஜனநாயக மக்கள் விடுதலை முன்னணி வன்னியில் 3 ஆசனங்களை எடுத்தது. தமிழ்க் கட்சிகள் சேர்ந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 2001 இல் உருவான பிறகே ஒரே சின்னத்துக்கு வாக்கு என்ற பழக்கம் வந்தது. 2004 இல் ஆறில் ஐந்து, 2010 இல் மூன்று, 2015 இல் நான்கு, 2020 இல் மூன்று என்று அது ஏறி இறங்கியது. 2004 இன் ஐந்து ஆசனங்களை மக்களின் சுதந்திரமான தெரிவு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்போது வன்னியின் பெரும் பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும், அடுத்த ஆண்டு ஜனாதிபதித் தேர்தல் எப்படிப் பகிஷ்கரிக்கப்பட்டது என்பதும் தெரியும்.

மூன்றாவது, ஆசனக் கணக்கு. வன்னிக்கு 6 ஆசனங்கள். முதலிடம் பெறும் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனத்தைக் கொடுத்துவிட்டு, 5 சதவீதத்துக்குக் குறைவாகப் பெற்றவர்களை நீக்கி, மிகுதி வாக்குகளை ஐந்தால் வகுத்தால் ஒரு ஆசனத்தின் விலை வரும். 2020 இல் அந்த விலை ஏறத்தாழ 32,000 வாக்குகள். கூட்டமைப்பு தன்னுடைய 69,916 இல் இரண்டு ஆசனங்களுக்கு விலை கொடுத்த பிறகு அதன் கையில் ஐயாயிரம் அளவில் மிஞ்சியது. ராஜபக்ச தரப்பின் மொட்டுக் கட்சிக்கு (பொதுஜன பெரமுன) ஒரு ஆசனம் போகப் பத்தாயிரம் அளவில் மிஞ்சியது. ஈ.பி.டி.பி.யின் வீணைச் சின்னமோ ஒரு ஆசனத்தையும் விலை கொடுத்து வாங்க முடியாமல் 11,310 வாக்குகளை முழுதாக வைத்திருந்தது. மிஞ்சிய வாக்குகளில் அதுவே பெரியதாக இருந்ததால் கடைசி ஆசனம் வீணைக்குப் போனது. இந்தக் கணக்கை வன்னியின் சிறிய கட்சிகளும் வர்த்தகப் பின்புலம் உள்ள வேட்பாளர்களும் நன்றாகப் படித்திருக்கிறார்கள். பதினொராயிரம் வாக்குகளைத் திரட்டினால் நாடாளுமன்றம் போகலாம் என்ற நிலையில் ஊருக்கு ஒரு பட்டியல் முளைப்பதில் வியப்பில்லை.

முசலி மைந்தன்:

பழைய அலுவலர் ஐயா எழுதியதில் பெரும்பாலானவற்றை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தங்கையின் கேள்வி 'வன்னி வாக்கு' என்று தொடங்கி இரண்டு வரிகளில் 'தமிழர் வாக்கு' என்று மாறிவிட்டது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை; எல்லோரும் எழுதும் வழக்கம் அதுதான்.

எங்கள் குடும்பம் 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரோடும் சேர்த்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டது. நான் புத்தளத்தில் வளர்ந்தவன், வாக்கு மன்னாரில். 2013 இல் வாக்காளர் பதிவுக்கான விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்து, இடம்பெயர்ந்தவர் தன் பழைய முகவரியிலேயே பதிவை வைத்திருக்க வழி செய்தது. அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு தேர்தலிலும் எங்களை 'வெளியூர் வாக்கு' என்றுதான் பேசினார்கள். 2019 நவம்பர் 16 அன்று புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்றவர்களின் பேருந்து வரிசை மீது தந்திரிமலையில் துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. வாக்களிப்பதற்கு இத்தனை தூரமும் இத்தனை அச்சமும் தாண்டி வர வேண்டியிருக்கும் மக்கள், வாக்கைச் சிந்தனையின்றி ஒரே பெட்டியில் கொட்டுகிறார்கள் என்று எழுதுவது நியாயமா என்று கேட்கிறேன்.

ஐயா சொன்ன அந்த முப்பதாயிரம் ஏன் நிலையாக நிற்கிறது என்பதற்கு எங்களிடம் ஒரு எளிய விளக்கம் உண்டு. 2009 க்குப் பிறகு மீள்குடியேறப் போனபோது, இருபது ஆண்டுகளில் எங்கள் காணிகள் காடாகியிருந்தன. மறிச்சுக்கட்டிப் பக்கம் அது வில்பத்துத் தேசியப் பூங்காப் பிரச்சினையாகத் தெற்கில் பெரிதாக்கப்பட்டது. அந்த நேரத்தில் மாவட்டச் செயலகமான கச்சேரிக்கும் வன இலாகாவுக்கும் நடுவில் எங்களுக்காகப் பேச ஒரு அமைச்சர் வேண்டியிருந்தது. எந்தக் கட்சி ஆட்சிக்கு வரும் என்பதைக் காட்டிலும் எங்கள் ஆள் அந்த ஆட்சியில் இருப்பாரா என்பதே எங்களுடைய கேள்வியாக இருந்தது.

அதேவேளை, முஸ்லிம் வாக்கும் ஒரே கட்டு அல்ல. காதர் மஸ்தான் 2015 இல் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பிலும், 2020 இல் பொதுஜன பெரமுனவிலும், 2024 இல் இலங்கைத் தொழிற்கட்சியிலும் தெரிவானார். மூன்று தேர்தல், மூன்று சின்னம், ஒரே மனிதர். கோத்தாபய ராஜபக்சவுக்கு 2019 இல் வன்னியில் விழுந்தவை 26,105 வாக்குகள். 2020 இல் மொட்டுக்கு விழுந்தவை 42,524. தங்கை காட்டிய போக்குக்கு இது நேர்மாறானது. ஜனாதிபதி வேட்பாளரை மறுத்த ஆயிரக்கணக்கானோர் உள்ளூர் ஆளை ஏற்றிருக்கிறார்கள். அவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள், வவுனியா தெற்கிலும் வெலிஓயாவிலும் வாழும் சிங்கள மக்களும் இருந்தார்கள், தமிழர்களும் இருந்தார்கள் என்பதே என் அனுமானம். வவுனியா நகரக் கடைத்தெருவில் நின்று பேச்சைக் கேட்டவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது.

சிதம்பரபுரத்தான்:

இரண்டு பெரியவர்களும் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய எங்களைத் தொடாமல் போய்விட்டதால் எழுத வேண்டியதாயிற்று.

என் அப்பப்பா 1977 கலவரத்துக்குப் பின் மாத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வவுனியாவுக்கு வந்தவர். 1958 இலும் அதற்குப் பிறகும் இப்படி வந்தவர்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். காந்தீயம் என்ற தொண்டு அமைப்பு எழுபதுகளின் இறுதியில் பலரைக் குடியமர்த்தியது. 1948 இன் குடியுரிமைச் சட்டத்தால் எங்கள் பாட்டன்மாரிடமிருந்து குடியுரிமை பறிக்கப்பட்டது, அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் போனது. நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்கு 2003 ஆம் ஆண்டின் சட்டம் வந்த பிறகுதான் கதவு முழுமையாகத் திறந்தது. ஆகவே தனிநாட்டுக்கான 1977 இன் ஆணை, வன்னி மக்களின் ஏகோபித்த தீர்ப்பு என்றெல்லாம் மேடைகளில் பேசப்படும்போது, எங்களில் பலருக்கு அந்தத் தீர்ப்பில் கையெழுத்தே இருக்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர்களில் தேர்தல் பேச்சு காணிப் பேர்மிற்றில் தொடங்கி பேர்மிற்றில் முடியும். நாற்பது வருடம் குடியிருந்த காணிக்கு உத்தரவுப்பத்திரம் இல்லாதவர் வீட்டுத்திட்டத்துக்கு விண்ணப்பிக்க முடியாது, வங்கியில் கடன் கேட்க முடியாது, கிணறு வெட்டுவதற்கும் யாராவது ஒருவரின் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தை வாங்கித் தருபவர் யாரோ அவருக்கு வாக்கு. அவர் வீட்டுச் சின்னக்காரராக இருந்த தேர்தலும் உண்டு, வீணைக்காரராக இருந்த தேர்தலும் உண்டு. தமிழ்க் கட்சிகளின் பட்டியலில் எங்கள் ஊரவர் பெயர் வருவது அரிது. வந்தாலும் ஒன்பது பேரில் ஒன்பதாவது ஆளாக வரும். சாதியும் பூர்வீகமும் பார்த்தே பட்டியல் எழுதப்படுகிறது என்று எங்கள் பெடியள் வெளிப்படையாகச் சொல்கிறார்கள். இதை மறுப்பவர்கள் கடந்த ஐந்து தேர்தல்களின் வேட்பாளர் பட்டியலை எடுத்து ஊர்வாரியாகப் பிரித்துப் பார்க்கட்டும்.

2024 நவம்பரில் திசைகாட்டிக்குப் போன வாக்குகளில் எங்கள் இளைஞர்களின் வாக்குகள் நிறைய இருந்தன. இடதுசாரிக் கொள்கையைப் படித்துவிட்டு அவர்கள் போடவில்லை. 2022 இல் டீசல் வரிசையில் நின்று, உரம் இல்லாமல் வயலைத் தரிசாக விட்டு, அந்தக் காலத்தில் எந்தத் தமிழ் உறுப்பினரும் தங்கள் ஒழுங்கைக்குள் வரவில்லை என்ற கோபத்தில் போட்டார்கள். அந்தக் கட்சியின் சார்பில் தெரிவான இருவரும் தமிழர்கள் என்பதையும் கவனத்தில் எடுங்கள்.

கரைத்துறைப்பற்று வாசி:

சிதம்பரபுரத்துத் தம்பியின் கோபத்தை மதிக்கிறேன். ஆனால் கடிதம் வாங்கித் தருபவருக்கு வாக்கு என்பது கொக்குத்தொடுவாய்க்கும் கருநாட்டுக்கேணிக்கும் அப்படியே பொருந்தாது. 1984 இல் விரட்டப்பட்டு, திரும்பி வந்தபோது தங்கள் மானாவாரி வயல்கள் மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் எல் வலயத்துக்குள் போயிருந்ததைக் கண்ட மக்களுக்கு, ஒரு கடிதத்தால் தீரும் பிரச்சினை எதுவும் இல்லை. குருந்தூர்மலை, வெடுக்குநாறிமலை, கேப்பாப்பிலவு என்று காணிக்காகவும் வழிபாட்டுக்காகவும் பிணக்கு எழுந்த ஒவ்வொரு பெயரும் அங்கே வாக்காக மாறுகிறது. 2024 இல் தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்த ஒரேயொரு ஆசனத்துக்கு, காணிப் போராட்டங்களில் முன்வரிசையில் நின்ற துரைராசா ரவிகரன், கட்சிப் பட்டியலுக்குள் வேட்பாளருக்கு இடும் விருப்பு வாக்குகளால் தெரிவானதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

2025 மார்ச் 28 அன்று வடக்கில் 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோரச் சொல்லித் திசைகாட்டி அரசாங்கம் வெளியிட்ட வர்த்தமானி, முல்லைத்தீவுக் கரையோரத்தில் ஏற்படுத்திய கலக்கத்தை நேரில் பார்த்தவன் நான். பின்னர் அது மீளப்பெறப்பட்டது. திசைகாட்டிக்குப் போட்ட பல பேர், மீளப்பெற்றதைப் பேசாமல் வெளியிட்டதைத்தான் பேசினார்கள். எனவே ஒரு தேர்தலை வைத்துத் தேய்வு என்றோ எழுச்சி என்றோ எழுதாமல் இருப்பது நல்லது.

நெடுங்கேணிப் பெண்:

எல்லோருக்கும் நன்றி. முசலி அண்ணா சுட்டிக்காட்டிய தவறு உண்மைதான், தலைப்பிலேயே திருத்திக்கொள்கிறேன். அலுவலர் ஐயாவிடம் இன்னொரு கேள்வி. 2024 இல் தமிழரசுக் கட்சி 29,711 வாக்குகளையும், முன்பு கூட்டமைப்பில் அதனோடு நின்ற ரெலோ, புளொட் கட்சிகள் இருந்த சங்குக் கூட்டணி 21,102 வாக்குகளையும் பெற்றன. இவை பழையபடி ஒன்றாக நின்றிருந்தால் ஆசனங்கள் மாறியிருக்குமா?

பழைய வாக்கெண்ணும் அலுவலர்:

கணக்கின்படி மாறியிருக்கும். இரண்டையும் கூட்டினால் 50,813, அதுதான் முதலிடம். போனஸ் ஆசனம் திசைகாட்டியிடமிருந்து அவர்களுக்குப் போயிருக்கும். அந்தத் தேர்தலில் ஒரு ஆசனத்தின் விலை சுமார் 28,000. ஆகவே போனஸ் ஒன்று, முழு விலைக்கு ஒன்று, மிஞ்சிய இருபதாயிரத்துச் சொச்சத்துக்கு ஒன்று என்று மூன்று ஆசனங்கள் வந்திருக்கும். திசைகாட்டி, தொலைபேசி, தொழிற்கட்சி ஆகிய மூன்றுக்கும் தலா ஒன்று. பிரிந்து நின்றதால் இரண்டு கட்சிகளும் தலா ஒன்றோடு திருப்திப்பட வேண்டியதாயிற்று. திசைகாட்டி செல்லுபடியான வாக்குகளில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் பெற்று இரண்டு ஆசனங்களை எடுத்தது. அதில் ஒன்று போனஸ்.

ஆனால் இதைக் கட்டுரையில் எழுதினால் ஒரு எச்சரிக்கையோடு எழுதுங்கள். கட்சித் தலைவர்கள் கூட்டல் கணக்கில் சேர்க்கும் வாக்குகள், வாக்குச் சாவடியில் அப்படியே சேர்வதில்லை. 2023 இன் தொடக்கத்தில் கூட்டமைப்பு உடைந்த விதமும், 2024 இல் தமிழரசுக் கட்சியின் தலைவர் தெரிவு நீதிமன்றம் வரை போன விதமும் பார்த்துச் சலித்துப் போய் வேறிடம் போனவர்கள், இருவரும் மேடையில் கைகோர்த்து நின்றிருந்தால் திரும்பி வந்திருப்பார்களா என்பதை எந்த வகுத்தலும் சொல்லாது.

கரைத்துறைப்பற்று வாசி:

எங்கள் பக்கத்தில் ரவிகரனுக்காக வீட்டுக்குப் போட்டவர்களில் கணிசமானோர், பட்டியலில் மன்னார் வேட்பாளர்கள் முன்னுக்கு நின்றிருந்தால் வீட்டுக்கே போட்டிருக்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதிவான வாக்காளர்களில் வவுனியா ஏறத்தாழ 128,000, மன்னார் 90,000, முல்லைத்தீவு 87,000. மூன்று விருப்பு வாக்குகளைச் சொந்த மாவட்டத்துக்குள்ளேயே கொடுத்து முடிக்கும் பழக்கத்தில், சிறிய மாவட்டமான நாங்கள்தான் ஒவ்வொரு முறையும் பயப்படுகிறோம்.

நெடுங்கேணிப் பெண்:

அப்படியானால் மாவட்ட முடிவை விட்டுவிட்டு, தேர்தல் தொகுதிவாரியான எண்களையும் விருப்பு வாக்குகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. நெடுங்கேணி நிர்வாகத்தில் வவுனியா வடக்கு என்றாலும், எங்கள் சந்தையும் சொந்தமும் பாதி முல்லைத்தீவுப் பக்கம். அப்பாவின் மூன்று விருப்பு வாக்குகளில் இரண்டு அந்தப் பக்கத்து ஆட்களுக்குப் போயிருந்தன என்று இன்று கேட்டபோதுதான் சொன்னார். தபால்மூல வாக்குகளைத் தனியாகப் பிரித்த பிறகு அட்டவணையை இங்கேயே இடுகிறேன்.